அது பெரியப்பா மூக்கு இல்லை

வாலு,

ஆமாம், அடிபட்டதுதான். பிறவியில் வந்தது இல்லை. சின்ன வயதில் மூக்கில் ஏதாவது அடிபட்டதா என்று மூக்கு ஆபரேஷனுக்கு நீ பார்க்கிற டாக்டர் கேட்டதாகச் சொன்னாயே, அப்போது லைன் சரியில்லை என்று போனை வைத்தேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. நீ எப்படி இருக்கிறாய் என்று முதலில் கேட்க வேண்டும், ஆனால் கேட்க ஆரம்பித்தால் அதிலேயே கடிதத்தை ஓட்டிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். இங்கே எல்லாரும் சுகம்தான், அம்மாவுக்குச் சளி விட்டுவிட்டது, உன் தம்பி கணக்கில் பெயிலாகிவிட்டு, அப்பாவே பத்தாவது தாண்டவில்லையே என்று என்னையே சாட்சிக்கு இழுக்கிறான்.

விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு அப்போது நாலு வயது, எனக்கு இருபத்து மூன்று. பட்டறையில் ஒரு காரின் கதவை ஒடுக்கெடுத்து முடித்து, உள்ளே உட்கார்ந்து சரியாகத் திறக்கிறதா என்று காலால் உதைத்துத் தள்ளினேன். வெளியே நீ நின்றாய். கதவின் விளிம்பு நேராக உன் மூக்குத்தண்டில். ரத்தம் நின்றதும் பார்த்தால் மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா, இரண்டு கட்டைவிரலையும் வைத்து அழுத்தி நிமிர்த்தினேன், ஒடுங்கின தகரத்தை நிமிர்த்துகிற மாதிரி. அப்புறம் உன் முகத்தை டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்தேன். நேராகத்தான் இருந்தது. எனக்குப் பெருமை வேறு. அம்மாவிடம் படியில் விழுந்துவிட்டாள் என்றேன். ஒரு வாரம் வாயாலேயே மூச்சு விட்டாய், காய்ச்சல் வேறு, டாக்டரிடம் காட்டலாம் என்று அம்மா சொல்லச் சொல்ல, வீக்கம் தானாக வற்றிவிடும் என்று தடுத்தவன் நான். வற்றியது. போகப் போக மூக்கின் நடுவும் பள்ளமானது. சொந்தக்காரர்கள் அப்படியே பெரியப்பா சாடை என்றார்கள், நானும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நீ ஒரு தடவை அவரிடமே, "எனக்குக் குடுக்க வேற நல்லது எதுவும் இல்லையா பெரியப்பா" என்று கேட்டாய், அவர் தன் மூக்கைத் தடவிக்கொண்டு, தப்புதான் கண்ணு என்றார். நானும் அங்கேதான் இருந்தேன். சிரித்தேன்.

நீ கேட்ட பிறகு இங்கே ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய் உன் போட்டோவைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். பள்ளமான மூக்கை நிமிர்த்த ஒட்டு வைப்பதற்கான குருத்தெலும்பை முதலில் மூக்கின் நடுச்சுவரிலிருந்துதான் எடுப்பார்களாம். அடிபட்டு உள்ளே ரத்தம் கட்டி அப்படியே விட்டால் அந்தச் சுவரே அரித்துப்போகுமாம், உனக்கு அதுதான் நடந்திருக்கும் என்றார். காதில் கிடைப்பது கொஞ்சம், அதுவும் வளைவு. அதனால்தான் உன் டாக்டர் விலாவிலிருந்து எடுக்க வேண்டும் என்கிறார். என் விலாவிலிருந்து எடுங்கள், எவ்வளவு வேண்டுமானாலும் என்றேன். "இது ஸ்பேர் பார்ட்ஸ் இல்லைங்க, அவங்களோடதுதான் அவங்களுக்கு நல்லா நிக்கும்" என்று சிரித்தார். அன்றைக்கு அதைக் கையால் அழுத்தினது யார் என்று கேட்டார். பட்டறைக்கு வந்த யாரோ ஒரு ஆள் என்றேன் வாலு. சரியான முட்டாள் என்றார். நானும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

செய்துகொள் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல எனக்கு வாய் இல்லை. நல்லா இருக்கிற விலாவை எதற்கு அறுக்க வேண்டும் என்று அம்மா கேட்கிறாள், வெறும் அழகுக்கு என்று அவள் நினைப்பு. தழும்பு எங்கே வரும், எத்தனை நாள் வலிக்கும், வைத்தது பின்னால் வளைந்துபோகுமா, மூச்சும் சரியாகுமா, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நீயே முடிவு பண்ணு. ஆனால் வியாழக்கிழமை டாக்டரிடம் போகும்போது பிறவி என்று மட்டும் சொல்லாதே. நாலு வயதில் கதவு இடித்தது, வைத்தியம் பார்க்கவில்லை, அப்பா அழுத்தினார் என்று அப்படியே சொல். இதை மறக்காதே. என்னைத் திட்ட வேண்டும் போல இருந்தால் வாய்விட்டுத் திட்டு.

பெரியப்பாவிடம் நேற்றே சொல்லிவிட்டேன். தன் மூக்கைத் தடவிக்கொண்டார். அப்புறம், "அவகிட்ட சொல்லிட்டியா" என்று மட்டும் கேட்டார். அதனால்தான் இன்றைக்கே எழுதுகிறேன். இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை. அவளுக்கு என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, அவள் அந்த ஒரு வாரமும் உன்னை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். நீ வாயை மூடிக்கொண்டு நிம்மதியாக மூச்சு விட்டுத் தூங்க வேண்டும், நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். வாசலில் செருப்பு கழற்றுகிற சத்தம் கேட்கிறது, அம்மாதான். நான் போகணும்.

அப்பா