பேத்தியின் போர்வை

வெள்ளிக்கிழமை.

கனடாவில் பிறந்திருக்கும் பேத்திக்காக மனைவி மழைக்காலம் முழுக்கக் கம்பளி நூலில் சதுரங்கள் பின்னினாள். அவற்றை இணைத்துப் போர்வையாக்கியது நான். வயதான பிறகு எழுதப் பழகிய கையால் பார்சலில் பேத்தியின் பெயரையும் நானே எழுதினேன். அந்தப் பெயரை எத்தனை தரம் பார்த்தாலும் சந்தோஷம்.

மாலையில், பார்சலில் வைக்க முதல், மனைவி போர்வையை விரித்தாள். "என்னப்பா, பிள்ளைக்குப் போர்வையோ, மீனுக்கு வலையோ?" என்று சிரித்தாள். பிறகு ஓர் இடைவெளியில் விரலை விட்டாள். சிரிப்பு நின்றது. "பிள்ளையின்ர விரல் சிக்கினால்?"

கொக்கிளாய்க் கடற்கரையில் மீன்வலை பின்னிய பழக்கம். சதுரங்களுக்கு நடுவே வலைக்கண் போல இடைவெளி விட்டு இறுக்கி முடிச்சுப் போட்டிருக்கிறேன். அவிழ்த்துப் பார்த்தேன், அவிழவில்லை. வெட்டினால் அவள் பின்னலும் பிரிந்துவிடும். பார்சலைக் கனடாவுக்குக் கொண்டுபோகிறவர் நாளை விடியப் புறப்படுகிறார்.

பேத்தியின் பெயருக்குக் கீழே எழுதினேன்: "பிள்ளைக்குப் போர்த்த வேண்டாம். சுவரில் மாட்டுங்கோ."

வாசித்துக் காட்டினேன்.

"சுவருக்கோ நான் பின்னினனான்?" என்றாள்.

அவள் இன்னும் படுக்கவில்லை.