முந்தி வரும் கடிதம்

சிகாமட், மலாயா,
மார்கழி மாதம்

அன்புள்ள தைலம்மைக்கு,

பிறந்த வீட்டில் நீயும் பச்சைப்பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டும். உன் அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு இதைப் படி.

இது ஆகாய விமானத்தில் வருகிறது. சிங்கப்பூரிலிருந்து கல்கத்தாவுக்கு மூன்றே நாளாம். அங்கிருந்து நாகப்பட்டினத்துக்கு ரயிலில் வந்துவிடும். தந்தி கொடுக்கத்தான் எல்லாரும் சொன்னார்கள். நாலு வார்த்தையில் எழுத எனக்குக் கை வரவில்லை.

ஆற்றுவெள்ளம் வடிந்ததும் தோட்டத்தில் காய்ச்சல் பரவியது. நம் மூத்தவள் மரகதத்துக்கும் வந்தது. ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் மருந்து கொடுத்து, "பயப்படாதீங்க கிராணியாரே, ரெண்டு நாள்ல எறங்கிடும்" என்றார். இறங்கவும் செய்தது. எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். "தம்பி என்னை மாதிரியாப்பா இருக்கான்?" என்று கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை மறுபடியும் ஏறியது.

பச்சைப் பாவாடையைத்தான் உடுத்திவிட்டோம். கோயிலுக்குப் பின்னால், வெள்ளம் ஏறாத மேட்டில் இடம் பார்த்தேன். லயத்து வீட்டு ஜனங்கள் எல்லாரும் வந்தார்கள்.

நீ அவசரப்பட்டுக் கப்பல் ஏற வேண்டாம். வேளைக்குச் சாப்பிடு. பிள்ளைக்குப் பால் வேண்டும்.

இன்னொன்று. அவள் கஞ்சி குடித்த அன்று, சந்தோஷத்தில் உனக்கு ஒரு கடிதம் எழுதிக் கப்பல் தபாலில் போட்டுவிட்டேன். அது இதற்குப் பிறகுதான் உன் கைக்கு வரும். திருப்பி அனுப்பிவிடாதே. நான் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டாம். கடைசியில் அவள் தன் கையால் 'அம்மா' என்று எழுதியிருக்கிறாள். அதை மட்டும் பார்.

இப்படிக்கு,
பிள்ளைகளின் அப்பா