குப்பையா, எழுத விட்ட இடமா

இன்று காலை கணினித் திரையில் நீ கேட்டாய்: "இது குப்பையா, எழுத விட்ட இடமா?"

நீ இறந்து எட்டு மாதமாகிறது. நீ எழுதிய நிரல் மட்டும் அம்பத்தூர் ஆபீசில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பதிப்பகத்தார் அனுப்பும் எக்ஸ்எம்எல் கோப்பில் ஒன்றுமே இல்லாத பத்தி வந்தால், கோப்பை அச்சுக்குப் போகும் பிடிஎஃப் ஆக்குவதற்கு முன் நின்று இப்படிக் கேட்கும். இன்று வந்தது பள்ளிப் பிள்ளைகளின் பயிற்சி நூல். அனுப்பியவர்கள் தலைப்பைப் பத்திக்குள் போட்டிருக்கிறார்கள்; அட்டவணையை இடைவெளி தட்டித் தட்டியே கட்டியிருக்கிறார்கள். வெற்றுப் பத்திகளுக்கோ அளவே இல்லை. எது கைதவறி விழுந்தது, எது பிள்ளைகள் விடை எழுத விட்டது என்று தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அன்றும் இப்படித்தான் ஒரு நூல். நான் விழுப்புரத்திலிருந்து வந்து வேலையில் சேர்ந்த மூன்றாம் மாதம். வெற்றுப் பத்திகளை எல்லாம் ஒரே வரி நிரலில் துடைத்துவிட்டு, பக்க எண்ணிக்கையைப் பாதியாக்கிவிட்டேன் என்று, என் வேலையைச் சரிபார்க்க வேண்டிய உன்னிடம் வந்து பீற்றிக்கொண்டேன். நீ வேறு வேலையில் மூழ்கியிருந்தாய், தலையை மட்டும் ஆட்டினாய். அச்சாகி வந்தபோது கேள்விக்குக் கீழே கேள்வி, அதற்கும் கீழே கேள்வி. பிள்ளைகள் பென்சில் வைக்க இடமில்லை.

மேலாளர் கூப்பிட்டு யார் செய்தது என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள், "நான்தான் சார் காலி எடத்தையெல்லாம் தூக்கிட்டேன்" என்றாய். உன்னைப் பிழைதிருத்தும் பிரிவுக்குத் தள்ளினார்கள். ஒரு வருடம் நிரல் பக்கமே விடவில்லை. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு, நீ வளர்ந்த ஆவடி குவார்ட்டர்ஸ் பேச்சில், "நீ இப்பதான் வந்துகீற மச்சான். உட்டுத் தள்ளு" என்றாய். பாசமா, பரிதாபமா, பார்க்காமல் தலையாட்டியதற்கு நீயே போட்டுக்கொண்ட தண்டனையா? இன்றுவரை பிடிபடவில்லை. சில நாள் உன்மேல் கோபம்கூட வருகிறது.

நிரல் வேலைக்குத் திரும்பி வந்ததும் நீ முதலில் எழுதியது இந்தக் கேள்வியைத்தான். நிரலே கண்டுபிடிக்கும்படி செய்யேன் என்று நச்சரித்தேன். "அனுப்புனவனுக்கே தெரியாது, மிஷினுக்கு இன்னா தெரியும்? போன் போட்டுக் கேளு" என்று சிரித்தாய்.

இன்று போன் போட்டேன். அனுப்பிய அம்மாள் பக்கம் பக்கமாகப் பார்த்துச் சொன்னார். என் சாப்பாடு ஆறிப்போனது, கோப்பு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. அந்தத் தெம்பில் மேலாளர் அறைக்குப் போய், அன்று அந்த நூலைக் கெடுத்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருடம் சொல்லாமல் வைத்திருந்தது அது.

இந்த மேலாளர் போன மாதம் வந்தவர். "எந்த புக்குங்க?" என்றார். நூலின் பெயரைச் சொன்னேன். உன் பெயரையும் சொன்னேன். இரண்டையும் அவர் கேள்விப்பட்டதில்லை. இப்போது எல்லாம் சரியாகத்தானே போகிறது என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

வெளியே வந்து நின்றேன். அன்று இருந்தவர்கள் ஒருவரும் இங்கே இல்லை. அவர்கள் எங்கே இருந்தாலும் அது உன் தவறு என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார்கள். உண்மை தெரிந்தவர்கள் நாம் இரண்டே பேர். நீயும் போனபின் நான் யாரிடம் ஒப்புக்கொள்வது?