சுத்தபோசனம்

24 பிப்ரவரி 2009, செவ்வாய்

பெலிசியாவுக்கு இன்று வலிப்பில் இரண்டு முறைதான் தலை விழுந்தது. டிசம்பரில் ஒரு நாளைக்கு முப்பது. மூன்று மாத்திரைகளால் முடியாததை வெண்ணெயும் முட்டையும் ஆட்டுக் கொழுப்பும் செய்கின்றன. சோறு, இட்லி, சர்க்கரை எதுவும் இல்லை. ஆறு வயதுப் பிள்ளையின் ஒவ்வொரு வாயையும் கிராம் கணக்கில் எடை போடுகிறேன். உடம்பு மாவுச்சத்தை விட்டுக் கொழுப்பை எரித்தால் வலிப்பு அடங்குமாம். ஏன் என்று புதுச்சேரி டாக்டருக்கே முழுதாகத் தெரியவில்லை. ஏப்ரல் நடு வரை பார்ப்போம், நிலைக்காவிட்டால் நிறுத்திவிடலாம் என்றார்.

27 பிப்ரவரி, வெள்ளி

தவக்காலம் தொடங்கிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் என் கணவன் ராஜின் வீட்டில் கறி, முட்டை கிடையாது. சுத்தபோசனம் என்பார்கள். ராஜின் அக்கா ஆரோக்கிய ராணி காலையிலேயே வந்துவிட்டார்.

"தெருவே மணக்குது ரேகா. நா கோயில்ல எப்புடி மூஞ்ச காட்டுறது?"

முதுகைக் காட்டுங்கள் அண்ணி. சொல்லவில்லை. வெள்ளிதோறும் நான் எம்.ஃபில். வேலையாகச் சிதம்பரம் போக வேண்டும். மதியம் பிள்ளைக்கு ஊட்ட அவரை விட்டால் ஆள் இல்லை. எடை போட்டுச் சமைத்து டப்பாவில் மூடி வைத்துவிட்டுப் போனேன்.

7 மார்ச், சனி

பதினெட்டு. ஏன்? உடம்பு கொழுப்பை எரித்தால் சிறுநீரில் நனைத்த சோதனைப் பட்டை கருஞ்சிவப்பாக மாற வேண்டும். வெளுத்துக் கிடக்கிறது.

14 மார்ச், சனி

இருபத்திரண்டு. தராசு கெட்டுவிட்டதோ என்று மளிகைக்கடைக்கு எடுத்துப் போய் எடைக்கல் வைத்துப் பார்த்தேன். தராசு சரி. அப்படியென்றால் நான்தான் சரியில்லை.

19 மார்ச், வியாழன்

இன்று ஒன்றுகூட இல்லை. பைத்தியம் பிடிக்கிறது.

20 மார்ச், வெள்ளி

நாலரைக்கு வந்தேன். பெலிசியா பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு மிரட்டிக்கொண்டிருந்தாள்: "வெள்ளிக்கெழம முட்ட கேக்கக் கூடாது. சாம்பார் சாதத்த தின்னுட்டு கம்முனு இரு. அம்மாகிட்ட சொன்னா ஆண்டவர் கோச்சுக்குவாரு."

அண்ணி புறப்பட்டுக்கொண்டிருந்தார். கேட்டேன். மறைக்கவில்லை.

"ஆமா, நாந்தான். ஒரு வேளதான? அவ சொகத்துக்குத்தான் நேந்துக்கிட்டேன், தவக்காலம் பூரா இவளும் சுத்தபோசனம் இருப்பான்னு. குமராட்சி இந்து வீட்டுலேர்ந்து வந்தவளுக்கு எங்க நோன்பு எங்க புரியும்?"

"சீக்காளிக்கும் சின்னப் புள்ளைக்கும் அது இல்லன்னு ஃபாதரே சொன்னாரே!"

"அவரு சொல்லுவாரு. நேந்துக்கிட்டது நானு."

ராஜ் ஆபீஸிலிருந்து வந்து நின்றான். வெள்ளிக்கிழமைகளில் மதியம் இங்கேதான் சாப்பிடுகிறான். "ஒனக்குத் தெரியுமா?" என்றேன்.

"பாத்தேன்... ரெண்டு கரண்டி சோறுதான ரேகா."

டப்பாவை விட்டெறிந்தேன். நெய் சுவரில் வழிந்தது.

ஆறரைக்கு ஆரம்பித்தது. வெள்ளிதோறும் அண்ணி ஐந்து மணிக்கே போய்விடுவார், ஒரு முறைகூட இதைப் பார்த்ததில்லை. இன்று சண்டையில் நேரமாகி, இப்போதுதான் வாசலுக்குப் போனார். "எங்கயும் போவாதீங்க, ஒக்காருங்க." வலிப்புகளைக் குறிக்கும் நோட்டையும் பேனாவையும் அவர் கையில் திணித்தேன். "நீங்க போடுங்க கோடு."

கழுத்து அறுந்ததுபோல் தலை விழும். நெற்றி தரையில் மோதுமுன் கையில் ஏந்த வேண்டும். ஒன்று. இரண்டு. ஒன்பதாவதை நான் தவறவிட்டேன் — உதடு கிழிந்தது. பதினேழு கோடுகள். கடைசி நான்கும் கோடுகளாகவே இல்லை.

அண்ணி நோட்டை மூடி வைத்துவிட்டுப் போனார்.

21 மார்ச், சனி

ராஜோடு பேச்சில்லை. என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். அக்கா செய்தால் பாசம், நான் எடை போட்டால் திமிர். அப்படித்தானே?

வெள்ளிக்கிழமைகளில் நான் வீட்டில் இருந்திருந்தால் — இல்லை. இந்த வாக்கியத்தை நான் முடிக்க மாட்டேன். இது அவர்கள் என்னை எழுதவைக்க நினைக்கும் வாக்கியம்.

27 மார்ச், வெள்ளி

சிதம்பரம் போகவில்லை. என் ஆய்வு வழிகாட்டி பழனிவேல் சார் போனில், "ஆய்வேட்ட எப்பம்மா முடிக்கிறதா உத்தேசம்?" என் எரிச்சலை அவரிடம் காட்டிவிட்டேன். பாவம்.

10 ஏப்ரல், பெரிய வெள்ளி

அண்ணி வந்தார். மூன்று வாரத்தில் முதல் முறை. ஒருசந்தி, காலையிலிருந்து பட்டினி. நேராக அடுப்படிக்குப் போனார்.

"கொழுப்பு எத்தினி கிராமு?"

சொன்னேன். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வதக்கினார். ஜன்னலைச் சாத்தவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. நானும் உட்காரச் சொல்லவில்லை.

15 ஏப்ரல், புதன்

பத்து நாளாக ஒன்று, அல்லது பூஜ்யம். டாக்டர்: "தொடரலாம்."

17 ஏப்ரல், வெள்ளி

சிதம்பரம். நூலகத்தில் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு மணிக்கு வெளியே வந்து வீட்டுக்குப் போன் போட்டேன். பெலிசியா எடுத்தாள்.

"அம்மா, அத்த தட்ட நக்கச் சொல்றாங்கம்மா!"

பின்னாலிருந்து அண்ணியின் குரல்: "ஒட்டிக்கிட்டிருக்கிற நெய்யும் கிராம்ல சேத்திதான்டி! நக்கு!"

கோபம் போகவில்லை. போகுமா, தெரியாது. எப்போதும் பிடிக்கும் மூன்று மணி பஸ்ஸுக்கு எழுந்தவள் நூலகத்திலேயே திரும்ப உட்கார்ந்தேன். ஐந்து மணி பஸ்ஸில் வந்தேன்.