நின்றுகொண்டு எழுதியது

பொகவந்தலாவை, இலங்கை,
ஆவணி 1957

அன்பு நாகலெட்சுமிக்கு, சோலைமலை எழுதிக்கொள்வது. இப்போது நலம்தான். முசிறியில் நீயும் பிள்ளைகளும் சுகமா? எழுத்து கோணலாக இருந்தால் பயப்படாதே. உட்கார முடியாமல் நின்றுகொண்டு எழுதுகிறேன்.

கொஞ்ச நாளாக மலத்தோடு இரத்தம் போனது. லொறி ஓட்டுகிறவனுக்கு மூலம் சகஜம்தானே என்று மோர் குடித்துச் சமாளித்தேன். போன வாரம் கொட்டகலைப் பாதையில் தலை சுற்றியது. லொறியை ஓரங்கட்டினேன். கூட வந்த அழகன் அண்ணன் விடாமல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார்.

"இரத்தத்தைக் கண்டதும் ஏன் வரல?" என்றார் டொக்டர்.

"கூச்சமா இருந்துச்சுங்க."

"கூச்சப்பட்டா இரத்தம் நின்னுடுமா?"

சோதித்துப் பார்த்து, மூலம்தான், பயமில்லை என்றார். இரத்தம் ஊற மாத்திரை கொடுத்தார். கீரை தின்னவும், நிறையத் தண்ணீர் குடிக்கவும், முக்காமல் இருக்கவும் சொன்னார். கிளம்பும்போது, "எல்லா இரத்தமும் மூலம் இல்லப்பா. வயசானவங்களுக்கு இரத்தம் போயி, உடம்பும் இளைச்சா உடனே காட்டணும்" என்றார்.

அதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உன் அப்பாவுக்கு மூலம் நிற்கவில்லை, சட்டையெல்லாம் தொளதொளத்துவிட்டது என்று எழுதியிருந்தாயே. நாளைக்கே அவரைத் திருச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ. மாட்டேன் என்பார். மருமகனே வெட்கத்தை விட்டுக் காட்டினார் என்று சொல். பக்கத்தில் இருந்தால் நானே தூக்கிக்கொண்டு போயிருப்பேன்.

அங்கே டொக்டர் சொல்வதை ஒன்று விடாமல் எழுது. சின்னவளையும் இரண்டு எழுத்து கிறுக்கச் சொல். தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார். இதைப் படித்ததும் மடித்து வைக்காதே, மாமாவைக் கிளப்பு.

சோலைமலை