நாலு ரன்னும் தாய்மாமன் மடியும்

பிப். 21, சனி

காலையில் மூடுபனி, பத்து மணிக்கெல்லாம் சுள்ளென்று வெயில். இனியாவுக்கு மூக்கடைப்பு. ராத்திரி அவளும் தூங்கவில்லை, நானும்.

வாங்க: மூக்குச் சொட்டு மருந்து, டயாப்பர். மார்ச் 1 காது குத்துக்கு வெற்றிலை பாக்கு, பூ.

கம்பெனி டீம்களின் ஃபைனல் இன்று ஆரம்பம். ரெண்டு நாள் ஆட்டம், ஆளுக்கு ஒரு இன்னிங்ஸ். நாளை சாயங்காலத்துக்குள் எதிர் டீமை ஆல் அவுட் ஆக்கினால்தான் கப். இவர் கேப்டன். என் தம்பி தீபனும் அதே டீம். இன்று முழுக்க நின்று 188, நாட் அவுட். கிரவுண்ட் ஷெட் சுவரில் பெயிண்டில் எழுதியிருக்கும் ரெக்கார்டு 191. அது இவர் அடித்தது, கல்யாணத்துக்கு முந்தின வருஷம்.

தீபன் போனில்: "அக்கா, காலைல நாலே ரன்னு. பசங்க இப்பவே பெயிண்டரத் தேடிக்கினு இருக்கானுங்க. மாமா மூஞ்சி எப்டி கீது?"

பார்த்தேன். களைப்பாகத்தான் இருந்தது.

பிப். 22, ஞாயிறு

மறுபடி பனி. பாப்பாவுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தேன். இவர் ஜன்னல் வழியாகப் பார்த்தபடியே அம்பயருக்குப் போன். "டிக்ளேர் பண்ணிட்றோம் சார். எங்க பேட்டிங் போதும்."

"தீபனுக்கு நாலு ரன்தானங்க வேணும்?"

"பனி இருக்கற வரைக்கும்தான் பால் ஸ்விங் ஆவும். வெயில் வந்தா ஒருத்தனையும் தூக்க முடியாது."

"ஒரே ஓவர்ல அடிச்சிடுவான்."

"டீமா, உன் தம்பியா?" ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

தீபனிடம் யாரும் சொல்லவில்லை. பேடு கட்டி, கிளவுஸ் மாட்டி நின்ற பிறகுதான் தெரிந்ததாம்.

சாயங்காலம் முடிவு: டிரா. எதிர் டீமின் கடைசி ஜோடி அவுட்டே ஆகவில்லை. கப்பும் போச்சு, ரெக்கார்டும் போச்சு.

பிப். 24, செவ்வாய்

மூக்கடைப்பு தேவலை. இப்போது இருமல். காதில் சீழ் வைக்குமோ என்று வேறு பயம்.

அம்மா போன். "காது குத்துக்கு வரலன்றான்டி. வேற யார் மடிலயாவது ஒக்கார வச்சிக்கச் சொல்றான்."

வேறு யார். இருப்பது ஒரே தம்பி. தாய்மாமன் இருக்கும்போது குழந்தையை இன்னொருத்தர் மடியில் வைத்தால் ஊர் என்ன பேசும். ஊர் கிடக்கட்டும், எனக்கு மனசு வருமா.

பக்கத்து வீட்டு அக்கா, துணி காயப் போடும்போது: "உங்க ஊட்டுக்காரு செவுத்துல கீற பேரக் காப்பாத்திக்கினாராமே." சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நானும் சிரித்து வைத்தேன். உள்ளே பால் பொங்கி வழிந்திருந்தது.

பிப். 26, வியாழன்

கேட்டுவிட்டேன். "பனிக்காகவா, செவுத்துக்காகவா?"

தோசையைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். வாயில் வைக்கவில்லை.

"பனிக்காகத்தான். ஆனா அம்பயர்கிட்ட சொல்லிட்டு போன வச்சதும் ஒரு நிம்மதி வந்துச்சி. அது இன்னாத்துக்குன்னு எனக்கே தெரியல."

சண்டை போடத் தெம்பில்லை. "இத அவன்கிட்ட போய்ச் சொல்லுங்க."

சாயங்காலம் பைக்கில் எளாவூர், அம்மா வீட்டுக்குப் போனார். திரும்பி வந்து: "சொல்லிட்டேன்."

"அவன் இன்னா சொன்னான்?"

"எழுந்து உள்ள பூட்டான்."

மார்ச் 1, ஞாயிறு

கோயில். விடிகாலையிலிருந்து நின்று இடுப்பு கழன்றுவிட்டது. மொட்டை முடிந்தது. காது குத்தும் பத்தர் ஊசியைத் துடைத்து வைத்துக் காத்திருக்கிறார். தீபனைக் காணோம்.

"மாமன் எங்கம்மா? நேரம் போய்க்கினே கீது."

இவர் ஹைவேயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

லாரிகளுக்கு நடுவிலிருந்து ஒரு பைக். தீபன். இவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராக வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து கையை நீட்டினான். பாப்பாவைக் கொடுத்தேன்.

முதல் காது. கத்தின கத்தலில் ஒரு நிமிஷம் மூச்சே வரவில்லை அவளுக்கு. இவருக்குத் தாங்கவில்லை.

"போதும் பத்தரே. இன்னொண்ண அப்பறம் பாத்துக்கலாம்."

தீபன் பாப்பாவின் தலையைப் பிடித்தபடியே நிமிர்ந்தான்.

"டிக்ளேர் பண்ணாதீங்க மாமா. இன்னும் ஒரு காது பாக்கி கீது."

பத்தருக்கு ஒன்றும் புரியவில்லை. இவர் வந்து தீபன் பக்கத்தில் உட்கார்ந்தார். பாப்பாவின் உதைக்கிற காலைப் பிடித்துக்கொண்டார்.

ரெண்டாவது காதும் ஆச்சு. லேசாக வீக்கம். படுக்கும் முன் தேங்காய் எண்ணெய் தொட்டு வைக்க வேண்டும்.