அடக்கி வைத்த மூச்சு

செவ்வாய், இரவு.

அக்காளுக்கும் எனக்கும் பிறவியிலேயே நுரையீரலைக் காக்கும் புரதம் குறைவு. புது மருந்துச் சோதனைக்கு இன்னும் ஓர் ஆள்தான் வேண்டுமாம். ஆஸ்பத்திரியில் இருவரையும் மூச்சை அளக்கும் குழாயில் ஊதச் சொன்னார்கள். நன்றாக ஊதுகிறவர்களைச் சேர்க்கமாட்டார்கள் என்று நர்ஸ்மார் பேசியது எனக்குக் கேட்டிருந்தது. அக்காளிடம் சொல்லவில்லை. தேவாலயப் பாடகர் குழுவில் பாடுகிறவள் அவள். கழுத்து நரம்பு புடைக்க ஊதினாள். நான் பாதியில் நிறுத்திக்கொண்டேன். என்னை எடுத்தார்கள்.

திரும்புகையில், களியக்காவிளை தாண்டியதும் பஸ்ஸில் என் கையைப் பிடித்தாள். “உனக்காவது கிடச்சுல்லா மக்கா. ஞாயிற்றுக்கிழமை கோயில்ல ஜெபக்குறிப்பு குடுக்கேன், உனக்கு மூச்சு கூடணும்னு.”

கூடும். அடுத்த தடவை முழுதாக ஊதினாலே கூடிவிடும். டாக்டர் மருந்தின் பலன் என்று எழுதுவார். அக்காள் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லுவாள். அது நான் இன்று ஊதாமல் வைத்துக்கொண்ட மூச்சு என்று யாரிடம் சொல்ல?